பழைய ஹெர்குலிஸ் வண்டியை மீட்டெடுப்பது எப்படி: காட்டர் பின் முதல் டைனமோ வெளிச்சம் வரை

பெரியப்பா வீட்டு மாட்டுக் கொட்டகையில் இருபது வருடமாகச் சுவரில் சாய்ந்து கிடந்த கறுப்பு ஹெர்குலிஸை நான் எடுத்து வந்தபோது செயின் ஒரே கம்பியாக இறுகியிருந்தது, டயர் தொட்டால் பொடியாக உதிர்ந்தது, சீட்டில் ஸ்பிரிங் மட்டும்தான் மிச்சம். மட்கார்டில் காய்ந்து ஒட்டியிருந்த சாணியைத் துடைத்துப் பார்த்தால் அடியில் பொன்நிறக் கோடு அப்படியே இருந்தது. கையால் இழுத்த கோடு. அதைப் பார்த்த பிறகுதான் இந்த வண்டியை எப்படிச் செய்யப் போகிறேன் என்று முடிவு செய்தேன்: சுற்றுகிற பாகமெல்லாம் புதிது போல ஆகணும், கண்ணுக்குத் தெரிகிற பாகத்தில் முடிந்தவரை கைவைக்கக் கூடாது. கீழே நான் சொல்லும் எல்லாமே இந்த ஒரு முடிவிலிருந்து வருவதுதான். பளபளவென்று புது வண்டி மாதிரி வேண்டுமென்றால் புது வண்டியே கடையில் கிடைக்கிறது, அதற்குப் பழையதை உரித்து நாசமாக்க வேண்டியதில்லை.

முதலில் எந்த ரக வண்டி என்று சொல்லிவிடுகிறேன், அளவுகள் எல்லாம் அதைப் பொறுத்துத்தான். ஹெர்குலிஸ் பர்மிங்காமில் 1910இல் தொடங்கிய கம்பெனி. 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் சேர்ந்து டிஐ சைக்கிள்ஸை ஆரம்பித்தார்கள், அம்பத்தூரில் இந்த வண்டிகள் வர ஆரம்பித்தன. 28 இஞ்ச் சக்கரம், கேபிள் இல்லாமல் கம்பியால் இயங்கும் ராடு பிரேக், குழாய்கள் சேரும் இடத்தில் லக் என்ற இரும்புக் கூடு வைத்துப் பித்தளையால் ஊதி ஒட்டிய இரும்புக் குழாய்ச் சட்டம், பெடல் மாட்டிய கையான கிராங்கை அதன் அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின், மொத்தத்தில் இருபது கிலோ சுமார் எடை. ராலே, பிலிப்ஸ், பிஎஸ்ஏ, அட்லஸ், ஹீரோ என்று பெயர் எதுவானாலும் நம் ஊர்ப் பார் வண்டி எல்லாம் ஏறக்குறைய இதே அச்சுதான். அதனால் ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் சேரும். முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு: நாட்டிங்காமில் செய்த ராலே வண்டிகளில் கிராங்க் அச்சைத் தாங்கும் கப்பின் மரை அங்குலத்துக்கு 26, மற்ற பிரிட்டிஷ் ரகங்களில் பெரும்பாலும் 24. கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும், ஒரு சுற்று ஏறவும் ஏறும். அதற்கு மேல் பலவந்தமாகத் திருகினால் சட்டத்தின் மரையே போய்விடும், அதைச் சரிசெய்வது பெரிய வேலை.

எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது

துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மேல்துரு போகும். பயப்பட வேண்டியது சட்டம் வளைந்திருந்தாலோ வெடித்திருந்தாலோதான். குழாயும் லக்கும் சேரும் ஓரங்களில், முக்கியமாகத் தலைக்குழாயின் கீழ் லக்கிலும் கிராங்க் கூட்டுக்கு அடியிலும், மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு நகத்தால் வருடிப் பாருங்கள். முடி போல ஒரு கோடு நகத்தில் தட்டினால் அது பெயிண்ட் வெடிப்பா இரும்பு வெடிப்பா என்று சுரண்டிப் பார்த்தே ஆகணும். இரும்பு வெடிப்பு என்றால் அந்தச் சட்டத்தை விட்டுவிடுங்கள், பாகங்களுக்காக மட்டும் வாங்கலாம்.

சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஆக்சில் உட்காரும் வாயில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்னால் கொண்டுபோய்த் தலைக்குழாயைச் சுற்றி, மறுபக்க வாயில் இழுத்துக் கட்டுங்கள். இப்போது சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. ஒரு விரல் அகலம் வித்தியாசம் வந்தால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கையும் பக்கவாட்டில் நின்று பார்த்துவிடுங்கள், தலைக்குழாயின் சாய்வு போர்க்கின் மேல்பாதியில் அப்படியே தொடரணும். அங்கே பின்பக்கம் ஒடிந்தது போல் ஒரு மடிப்பு தெரிந்தால் வேறு போர்க் தேட வேண்டியதுதான்.

கழற்றுவது

இதற்கு அவசரமே கூடாது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போனில் ஒரு படம், கழற்றிய பிறகு நட்டையும் வாஷரையும் அதே ஆக்சிலிலேயே அதே வரிசையில் திரும்ப மாட்டி வைப்பது, இந்த இரண்டையும் செய்தாலே பாதித் தலைவலி இல்லை. ராடு பிரேக்கில் மட்டும் இருபதுக்கு மேல் சின்னச் சின்ன உருப்படி இருக்கும், எந்தக் கம்பி எந்தக் கொக்கியில் போனது என்று பிறகு யோசித்தால் வராது. பழைய நட்டுகள் மில்லிமீட்டர் கணக்கில் செய்தவை அல்ல, மில்லிமீட்டர் ஸ்பானரை மாட்டித் திருகினால் லேசாக ஆடி முனை மழுங்கிவிடும். சைக்கிள் கடையில் விற்கும் தட்டை ஸ்பானர் இதற்கென்றே வெட்டியது, விலையும் குறைவு.

இரண்டு இடத்தில் இடது மரை இருக்கிறது, மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இடது பெடல், அப்புறம் செயின் பக்கத்துக் கிராங்க் கப். இரண்டுமே வலது பக்கம் திருகினால்தான் கழலும். செயின் பக்கத்துக் கப்பை அநியாயத்துக்கு இறுக்கி வைத்திருப்பார்கள், அதில் குழி விழாமல் இருந்தால் கழற்றவே வேண்டாம், சட்டத்தோடு இருக்கட்டும், உள்ளே துணியை விட்டுத் துடைத்தால் போதும்.

காட்டர் பின்தான் ஆளைச் சோதிக்கும். நான் கழற்றிய முதல் பின்னை நட்டைக் கழற்றிவிட்டு மரை முனையிலேயே சுத்தியலால் பத்துப் பதினைந்து தடவை லேசாகத் தட்டினேன், முனை காளான் போலப் பரந்துவிட்டது, பின் ஒரு மயிரிழை கூட நகரவில்லை. கடைசியில் துளை போட்டுத்தான் எடுக்க முடிந்தது. சரியான முறை இதுதான். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயை இரண்டு பக்கமும் விட்டு ஊறவிடுங்கள். நட்டை முழுதாகக் கழற்றாமல் அதன் மேல்முகம் பின்னின் முனையோடு சமமாக வரும்வரை மட்டும் தளர்த்துங்கள், அடி விழும்போது மரையை அது காப்பாற்றும். கிராங்குக்கு அடியில், பின் வெளியே வரப்போகும் பக்கம், ஒரு தடித்த இரும்புக் குழாய்த் துண்டைத் தரையிலிருந்து நேராக முட்டுக் கொடுங்கள், பின் அந்தக் குழாயின் ஓட்டைக்குள் இறங்கும்படி. முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுதும் உள்ளே இருக்கும் இரும்புக் குண்டுகளான பால்ஸுக்கும் கப்புக்கும் போய்க் குழி விழும். பிறகு கனமான சுத்தியலால் ஒரே அடி, நேராக, பயப்படாமல். பத்துச் சின்ன அடி செய்யாததை ஒரு பெரிய அடி செய்யும். வராவிட்டால் மறுபடி எண்ணெய், மறுபடி ஒரு இரவு. பழைய பின்னைத் திரும்பப் போடாதீர்கள், புதியது சொற்ப விலை. பழையதைக் கையோடு கொண்டுபோய் அதே தடிமனில் வாங்குங்கள், அரை மில்லிமீட்டர் மாறினால் கூடச் சேராது.

துரு எடுப்பதில் நிதானம்

குரோமியம் பூசிய ஹேண்டில்பார், ரிம், கிராங்க் மேல் இருக்கும் பழுப்புத் துருவுக்கு உப்புத்தாள் கொண்டு போகவே போகாதீர்கள். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும், அலுமினியம் குரோமியத்தைவிட மிருதுவானது, கீறல் விழாமல் துருவை மட்டும் வழித்துக்கொண்டு வரும். பெல் மூடி பித்தளையாக இருந்தால் புளியும் கொஞ்சம் உப்பும், குத்துவிளக்கு துலக்குவது போலவே. ஆனால் நிக்கல் பூசிய பெல்லில் புளி வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால் மிச்சமிருக்கும் நிக்கலும் போய் அடிப் பித்தளை தெரியும், எது என்று ஓரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் இல்லாத சின்ன இரும்புப் பாகங்களை, அதாவது நட்டு, ஸ்பிரிங் இல்லாத கிளிப், ஸ்டாண்டு பாகம் போன்றவற்றை, லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு கலந்த நீரில் சில மணி நேரம் போடலாம். ராத்திரி முழுக்க விடக் கூடாது, அமிலம் துருவைத் தின்றபின் இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். எடுத்ததும் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, எண்ணெய் தடவிவிடணும், இல்லையென்றால் பத்து நிமிடத்தில் செம்மஞ்சளாகப் பூத்துவிடும். கடினப்படுத்திய ஸ்பிரிங்கையும் பால்ஸையும் இந்த நீரில் போடாதீர்கள், அமிலத்தில் ஊறினால் நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

சட்டத்தின் கறுப்பு இனாமலுக்கு நான் செய்தது இவ்வளவுதான்: சோப்புத் தண்ணீர், மண்ணெண்ணெய் தொட்ட பழைய பனியன் துணி, பிறகு கார் பாலிஷ், கடைசியில் மெழுகு. அந்தக் காலத்து இனாமல் சூளையில் வேகவைத்தது, அழுக்குக்கு அடியில் இன்னமும் கண்ணாடி போல இருக்கும். குழாயில் ஒட்டிய எழுத்தும் முத்திரையும் இருக்கும் இடத்தில் மட்டும் மண்ணெண்ணெயும் வேண்டாம், தின்னர் நெருங்கவே கூடாது, ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் துருவைச் சுரண்டி, சின்னத் தூரிகையால் ரெட் ஆக்சைடு, அதன் மேல் கறுப்பு இனாமல், அந்த இடத்துக்கு மட்டும்.

முழுதாகப் பெயிண்ட் அடித்தே ஆகணும் என்ற நிலைமையில் இருந்தால், பெயிண்ட் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கும் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்புவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். நண்பன் ஒருவனின் சட்டத்தை அப்படி ஒரு பட்டறையில் கொடுத்தோம். திரும்பி வந்தபோது லக்கின் கூர்மையான ஓரமெல்லாம் மழுங்கிப் பிளாஸ்டிக் போல இருந்தது, சட்ட எண் படிக்க முடியவில்லை, கிராங்க் மரையிலும் பவுடர் ஏறிவிட்டது. சாதாரண இனாமலை மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு அடித்தால் லக்கின் உருவம் அப்படியே நிற்கும். மரையிருக்கும் இடத்திலெல்லாம் துணியை அடைத்து, சட்ட எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள். பொன்நிறக் கோட்டுக்கு ஸ்டிக்கர் வேண்டாம், பெயர்ப்பலகை எழுதும் ஓவியர் யாராவது ஊரில் இன்னும் இருப்பார், நீண்ட மயிர்த் தூரிகையால் ஒரே மூச்சில் இழுத்துக் கொடுப்பார்.

ஓவராயில்

நம்ம ஊர் சைக்கிள் கடைகளில் இந்த வேலைக்கு ஓவராயில் என்றுதான் பெயர், வண்டியை முழுக்கப் பிரித்து, கழுவி, பால்ஸ் மாற்றி, கிரீஸ் வைத்துக் கட்டுவது. வண்டி லேசாக ஓடுவதும் கனமாக ஓடுவதும் இங்கேதான் தீர்மானம் ஆகிறது, அதனால் காசை இங்கே செலவழியுங்கள்.

பால்ஸ் ஓடும் இரண்டு பாகங்களை, ஆக்சிலில் திருகிய கோனையும் கூட்டில் இருக்கும் கப்பையும், மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பால்ஸ் ஓடிய தடம் மின்னினால் நல்லது, அந்தத் தடத்தில் அம்மைத் தழும்பு போலப் புள்ளி இருந்தால் மாற்ற வேண்டும். கோன் மலிவு, எங்கும் கிடைக்கும். பால்ஸைப் பொறுத்தவரை பழையது நன்றாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், மொத்தமாக மாற்றிவிடுங்கள், பழையதும் புதியதும் கலந்து போட்டால் பெரிதாக இருப்பது மட்டும் பாரம் தாங்கித் தேயும். பெரும்பாலும் முன் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்கூட்டில், 3/16 அங்குலம், பக்கத்துக்குப் பத்து. பின் ஹப்பில் 1/4 அங்குலம், பக்கத்துக்கு ஒன்பது. கிராங்கில் 1/4 அங்குலம், பக்கத்துக்குப் பதினொன்று. இருந்தாலும் கழற்றும்போதே எண்ணி வையுங்கள், ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குங்கள், முன்னால் செய்தவர் என்ன போட்டிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. கப்பில் கிரீஸ் வைத்து அதில் பால்ஸை வரிசையாகப் பதித்தால் கடைசியில் ஒரு பால்ஸ் போகும் அளவுக்குக் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கணும், அங்கே இன்னொன்றைத் திணிக்கக் கூடாது.

கோன் இறுக்கத்துக்கு ஒரு அடையாளம்: சக்கரத்தை வண்டியில் மாட்டித் தூக்கிப் பிடித்து மெல்லச் சுற்றி விட்டால், நிற்கப் போகும் நேரத்தில் வால்வ் இருக்கும் பக்கம் எடை காரணமாகக் கீழே வந்து, கொஞ்சம் முன்னும் பின்னும் ஊஞ்சலாடி நிற்கணும். சட்டென்று நின்றால் இறுக்கம் அதிகம். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மட்டும் ஒரு துளி இருக்கலாம்.

செயின் மாற்ற வேண்டுமா என்று ஸ்கேலால் பாருங்கள். ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி இருக்கும் பின்னின் நடு வரை சரியாக 12 அங்குலம் இருக்கணும். பன்னிரண்டுக்கு மேல் 1/16 அங்குலம் கூடியிருந்தால் மாற்றுங்கள், 1/8 கூடியிருந்தால் பின் சக்கரத்துப் பல்சக்கரமான ப்ரீவீலின் பல்லும் தேய்ந்திருக்கும், சேர்த்தே மாற்ற வேண்டும். ப்ரீவீலில் கிரீஸ் வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் சின்ன நாக்குகள் ஒட்டிக்கொண்டு, மிதிக்கும்போது சட்டென்று வெற்றாகச் சுற்றும். மண்ணெண்ணெயால் கழுவி நாலு சொட்டு எண்ணெய் போதும்.

சக்கரமும் ராடு பிரேக்கும்

இந்த இரண்டையும் பிரித்துப் பேச முடியாது. கேபிள் பிரேக் ரிம்மின் பக்கவாட்டைப் பிடிக்கும், ராடு பிரேக்கில் பிரேக் கட்டை ரிம்மின் உள்முகத்தில், போக்ஸ் கம்பிகள் இருக்கும் பக்கத்திலிருந்து, டயரை நோக்கி அழுத்தும். அதனால் கோட்டம் எடுக்கும்போது, அதாவது ரிம்மை நேராக்கும்போது, இடவலக் கோட்டத்தை மட்டும் பார்த்தால் பத்தாது, ரிம் வட்டமாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. மேடு பள்ளம் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து விடும். போர்க்கில் ஒரு குச்சியை ரிம்முக்கு நேராகக் கட்டி, சக்கரத்தைச் சுற்றி, குச்சி தட்டுகிற மேடு இருக்கும் இடத்திலேயே போக்ஸ் முனை நட்டுகளான நிப்பிள்களை இரண்டு பக்கமும் சமமாகக் கால் சுற்று இறுக்கி, பள்ளத்தில் அதே மாதிரி தளர்த்தி, இப்படிப் பொறுமையாக ஒரு மணி நேரம். வட்டம் வந்த பிறகு இடவலம். துருப்பிடித்த நிப்பிளைப் பலவந்தமாகத் திருகினால் போக்ஸ் ஒடியும், ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருங்கள்.

முன் சக்கரத்தில் 32 போக்ஸ், பின்னால் 40, இது அந்தக் கால பிரிட்டிஷ் கணக்கு. ரிம்மோ ஹப்போ மாற்றினால் துளை எண்ணிக்கையைப் பார்த்து வாங்குங்கள். டயர் 28 x 1½, உள்ளே 635 என்ற எண் இருக்கும். பந்தய சைக்கிளின் 622 டயரும் பேச்சில் 28 என்றே அழைக்கப்படுவதால் குழப்பம் வரும், அது இதில் ஏறாது.

பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. கம்பிகள் சேரும் ஒவ்வொரு கீலிலும் எண்ணெய், கிராங்குக்கு அடியில் மறைந்திருக்கும் பின் பிரேக்கின் திருப்புக் கை உட்பட, அதை எல்லாரும் மறப்பார்கள், சேறு எல்லாம் அங்கேதான் போய் உட்காரும். கட்டை பழையதாக இருந்தால் கல்லாக இறுகியிருக்கும், தயங்காமல் மாற்றுங்கள். இவ்வளவு செய்தாலும் இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பாதிதான் பிடிக்கும், அதை நினைவில் வைத்தே ஓட்ட வேண்டும், இறக்கத்தில் முக்கியமாக.

பழைய பாகம் எங்கே தேடுவது

மூடிக்கொண்டிருக்கும் வாடகை சைக்கிள் கடைகள்தான் முதல் இடம். மட்கார்டில் வெள்ளை வட்டம் போட்டு எண் எழுதிய வண்டிகளை ஒரு காலத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட கடைகள். சின்ன வயதில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்ததெல்லாம் அந்த வண்டிகளில்தான். அந்தக் கடைக்காரர்களின் பரணில் எண்ணெய்க் காகிதம் பிரிக்காத கோன், பெல், லாம்ப் பிராக்கெட் எல்லாம் இன்னும் இருக்கும். ஆனால் போன உடனே பழைய சாமான் இருக்கா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். வண்டியை உருட்டிக்கொண்டு போங்கள், இந்த வண்டிக்கு இது வேண்டும் அண்ணே என்று காட்டுங்கள், அவரே ஏணியை எடுத்துப் போடுவார். அப்படித்தான் எனக்கு ஒரு ஜோடி ரப்பர் கட்டை வைத்த பழைய பெடல் கிடைத்தது. அடுத்தது காயலான் கடை, அங்கே எடைக்குத் தருவார்கள், அதனால் வாராவாரம் போய் எட்டிப் பார்ப்பதில் பலன் உண்டு.

லூகாஸ், மில்லர் என்ற பழைய பிரிட்டிஷ் கம்பெனிகளின் லாம்ப் என்று சொல்லி விற்கும்போது உள்ளே பிரதிபலிப்புக் கிண்ணம் கறுத்துப் போயிருக்கிறதா, டைனமோவின் அச்சு கையால் சுற்றினால் சொரசொரக்காமல் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். வெளித்தகடு நசுங்கியிருந்தால் தட்டி நிமிர்த்தலாம், உள்ளே காந்தமும் சுருளும் நன்றாக இருக்கணும். வண்டியில் நகராட்சியோ பஞ்சாயத்தோ கொடுத்த பழைய சைக்கிள் லைசென்ஸ் வில்லை தொங்கினால் அதை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், வண்டி எந்த வருடம் எந்த ஊரில் ஓடியது என்பதற்கு அதுதான் சாட்சி.

நமக்கேற்றபடி மாற்றுவது

என் கணக்கில் மாற்றம் என்றால் திரும்பக் கழற்ற முடிவதாக இருக்கணும். சட்டத்தில் ஓட்டை போடுவது, கம்பியை அறுப்பது, புதிதாக வெல்டிங் வைப்பது, இதெல்லாம் வேண்டாம்.

முதல் மாற்றம் ரொம்பச் சுலபம். என் வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் 5.46 மீட்டர் போகும், பாலம் ஏறும்போது முட்டி வலிக்கும். 22 பல் ப்ரீவீல் போட்டால் ஒரு சுற்றுக்கு 4.47 மீட்டர், நம் வெயிலில் பெரிய நிம்மதி. செயினில் இரண்டு மூன்று கண்ணி கூடுதலாகத் தேவைப்படும், முழு மூடி செயின் கவர் இருந்தால் பெரிய ப்ரீவீல் உள்ளே உரசாமல் இருக்கிறதா என்று முதலில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, எனக்கு மிகவும் பிடித்த வேலை, ஸ்டர்மி ஆர்ச்சரின் மூன்று வேக ஹப். ஏடபிள்யூ என்ற அந்த மாடல் 1936இல் வந்தது, இன்னமும் செய்கிறார்கள், 2000இல் நாட்டிங்காமிலிருந்து தைவானுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். பழைய ஹப்பின் வயிற்றில் செய்த வருடமும் மாதமும் எண்ணாகக் குத்தியிருக்கும், 62 8 என்றிருந்தால் 1962 ஆகஸ்ட். உங்கள் வண்டிக்குச் சமமான வருடத்தில் ஒன்று தேடிப் பிடிப்பது தனிச் சந்தோஷம். 40 துளையில் வந்த ஹப்பாக இருந்தால் உங்கள் பழைய பின் ரிம்மிலேயே கட்டிவிடலாம், ஆனால் ஹப்பின் விளிம்பு அளவு வேறு என்பதால் போக்ஸ் நீளம் மாறும், பழைய போக்ஸ் சேராது, அளந்து புதிதாக வாங்க வேண்டும். நடு கியர் நேரடி, கீழ் கியர் 25 சதவீதம் லேசு, மேல் கியர் 33 சதவீதம் கனம். அதாவது 18 பல்லோடு கீழ் கியரில் போனால் 24 பல் போட்டது போல இருக்கும். இதற்குள் கிரீஸ் அடைக்கக் கூடாது, ஹப்பில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து லேசான எண்ணெய் மாதம் ஒரு தேக்கரண்டி. கேபிள் சரிசெய்யும்போது லீவரை நடு கியரில் வைத்து, வலது ஆக்சில் நட்டின் ஜன்னல் வழியே பாருங்கள், சங்கிலியோடு வரும் கம்பியின் தோள் ஆக்சில் முனையோடு சமமாக நிற்கணும். இது தவறினால் நடுவுக்கும் மேலுக்கும் இடையே ஹப் பிடிப்பே இல்லாமல் விட்டுவிடும், எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தால் நேராகப் பாரில்தான் விழுவீர்கள், அதனால் சரிபார்க்காமல் சாலைக்குப் போகாதீர்கள்.

சீட்டுக்கு, தோல் கிடைத்தால் தோல். ப்ரூக்ஸ் கம்பெனியின் பழைய தோல் சீட் கிடைத்தால் தோலில் வெடிப்பு இருக்கிறதா என்று ஆணிகளைச் சுற்றிப் பாருங்கள். காய்ந்த தோலை மிருதுவாக்க விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஊற்றி ஊறவைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, சீட்டுக்கு அது ஆகாது, தோல் தொய்ந்து தூளி போலத் தொங்கிவிடும். தேன்மெழுகு கலந்த தோல் பூச்சை மேலும் அடியிலும் மெல்லத் தடவினால் போதும். முனையில் இருக்கும் போல்ட்டைத் தொய்வு வந்தால் மட்டும், அதுவும் கால் சுற்று.

வெளிச்சம். டைனமோ 6 வோல்ட் 3 வாட், அதாவது அரை ஆம்பியர். பழைய குண்டு பல்பு மெல்லப் போகும்போது மினுக்கட்டாம்பூச்சி மாதிரிதான் எரியும். லாம்பின் வெளிக்கூடும் கண்ணாடியும் அப்படியே இருக்கட்டும், உள்ளே மட்டும் ஒரு எல்இடி வைக்கலாம். டைனமோவிலிருந்து வருவது மாறுமின்சாரம் என்பதால் நான்கு டயோடு கொண்ட பிரிட்ஜ் வழியாக எடுத்து, ஆடாமல் எரிய ஒரு கெப்பாசிட்டர் சேர்க்கணும். எல்இடி வயர் எங்கேயாவது விட்டுப்போன நிலையில் வேகமாக ஓட்டினால் வோல்டேஜ் ஏறி கெப்பாசிட்டர் வெடிக்கும், அதனால் அந்த இணைப்பை நன்றாகச் சால்டர் பண்ணுங்கள். டைனமோவை மாட்டும்போது அதன் அச்சை நீட்டி ஒரு கோடு போட்டால் அது சக்கரத்தின் நடு ஆக்சிலைத் தொடணும், கோணலாக இருந்தால் டயர் ஓரத்தை அறுத்துவிடும். இந்தச் சின்ன டப்பாவை லேசாக நினைக்க வேண்டாம், 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ரேடியோவை ஓட்டிச் செய்தி கேட்டிருக்கிறார்கள்.

முதல் ஓட்டம்

முதல் நாள் தெருவுக்குள்ளேயே ஓட்டுங்கள், ஸ்பானரைப் பையில் வைத்துக்கொண்டு. புதுக் காட்டர் பின் முதல் இருபது முப்பது கிலோமீட்டரில் கொஞ்சம் உட்காரும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் டக் என்று சத்தம் வந்தால் அதுதான். முட்டுக் கொடுத்து மறுபடி ஒரு அடி, பிறகு நட்டு இறுக்கம். நட்டைத் திருகிப் பின்னை உள்ளே இழுக்கப் பார்க்காதீர்கள், மரை கழன்றுவிடும். செயின் நடுவில் மேலும் கீழுமாக ஒரு சென்டிமீட்டர் ஆட்டம் இருக்கட்டும். நூறு கிலோமீட்டர் ஆனதும் புது போக்ஸ் இளகியிருக்கும், இன்னொரு முறை கோட்டம் எடுத்துவிடுங்கள். என் வண்டிக்கு அதைப் போன ஞாயிற்றுக்கிழமை முடித்தேன், முடித்த கையோடு பெரியப்பா வந்து ஏறி, பால் சொசைட்டி வரைக்கும் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, பின் பிரேக் இன்னும் கொஞ்சம் பிடிக்கணும் என்றார். கட்டையை ஒரு மில்லிமீட்டர் மேலே ஏற்றிக் கொடுத்தேன்.